கிடைத்துவிடக் கூடாதே என்று தேடிய வண்டு

சென்னைக்கு விமானம் ஏறுகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு தேடல் உண்டு. பட்டுப்புடவை, குலதெய்வம், மூட்டுவலிக்கு வைத்தியம், மகளுக்கு மாப்பிள்ளை. நான் ஒரு வண்டைத் தேடிப் போனேன். அதுவும் அந்த வண்டு அங்கே இருக்கவே கூடாது என்று எல்லாத் தெய்வங்களுக்கும் வேண்டுதல் வைத்துவிட்டுப் போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை விமானத்தில் போய்ச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பினாங்கில் ஓர் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எனக்கு வேலை. முப்பது வருடமாக அடுத்தவர்கள் கண்டுபிடித்த வண்டுகளுக்கு ஊசி குத்திப் பெயர்ச்சீட்டு மாட்டுகிறேன். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் காதுகுத்தி அனுப்பியாகிவிட்டது, நமக்கென்று ஒன்று இல்லை. ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோதுதான் அந்தத் தீவு வாய்த்தது. வரைபடத்தில் ஈ எச்சமிட்ட மாதிரி ஒரு புள்ளி. புயலுக்கு ஒதுங்கும் மீனவர்களைத் தவிர அங்கே யாரும் போவதில்லை.

அங்கே வைத்த பொறிகளில் மூன்று வண்டுகள் விழுந்திருந்தன. எறும்புக்கும் பூரானுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும் வகை அது. சிறகு மூடி ரவிக்கை அளவோடு நின்றுவிடும், மிச்ச உடம்பெல்லாம் வெளியே. மிரட்டினால் தேளைப் போல வாலைத் தூக்கும், ஆனால் கொட்டுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் ரோவ் பீட்டில் என்பார்கள். தமிழில் பெயர் இல்லை, யாருக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் தொழிலில் வண்டின் முகத்தை யாரும் மதிப்பதில்லை. ஆண் வண்டின் உறுப்பை ஊசி முனையால் வெளியே எடுத்து, அதன் வளைவைப் பார்த்துத்தான் இனம் சொல்வோம். என் வண்டினுடையது தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. அப்படி ஒன்றை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஓடி வந்து மனைவி மல்லிகாவிடம் விளக்கினேன். “இத்தன வருஷமா ஆபீஸ்ல இதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள். வண்டுக்கு அவள் பெயரை வைக்கப் போகிறேன் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

இந்த வகை வண்டுகளுக்கு உலகத்திலேயே பெரிய கை கோபன்ஹேகனில் ஒரு கிழவர். மூன்றில் ஒன்றை அவருக்கு அனுப்பினேன். மின்னஞ்சலில் பதில் வந்தது. உங்கள் பக்கத்துக் கடற்கரைகளில் இப்படி ஒன்று இல்லை, புதிய இனமாகத்தான் தெரிகிறது, வாழ்த்துகள் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். “பொறியில் என்ன இரை வைத்தீர்கள்?”

அந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் வைத்தது கருவாடு. எலிப்பொறிக்குக் கருவாடு என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு, வண்டுக்கு மட்டும் வேறு யோசிப்பானேன் என்று, சாப்பாட்டுக்குக் கொண்டுபோன வாளைக் கருவாட்டைக் கம்பியில் கட்டிப் பாதிப் பொறிகளில் தொங்கவிட்டேன். மீதியில் அழுகிய நண்டு. நண்டுப் பொறிகளில் ஒரு வண்டுகூட விழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றுமே கருவாட்டுப் பொறியில் விழுந்தவை. விழுந்தவையா, அல்லது கருவாட்டிலேயே செத்து ஒட்டிக்கொண்டு வந்து, பொறிக்கு அடியில் வைத்திருந்த சோப்புத் தண்ணீரில் உதிர்ந்தவையா?

கருவாடு சென்னை ராயபுரத்துச் சரக்கு. வண்டும் ராயபுரம் என்றால் என் கதை முடிந்தது. சென்னையில் வெள்ளைக்காரன் பெயர் வைக்காமல் விட்ட வண்டு ஏது? அந்தக் காலத்திலேயே எந்தக் கலெக்டரோ பிடித்து, யாரோ ஒரு பாதிரியார் பெயரில் எழுதி முடித்திருப்பார். ஆகவே ராயபுரம் போய், நன்றாகத் தேடி, கிடைக்காமல் திரும்ப வேண்டும்.

எங்கள் மளிகைக்காரருக்குச் சரக்கு அனுப்புகிறவர் சுல்தான் பாய். ராயபுரத்தில் அவர் வீட்டு மாடியில் தங்கவைத்தார். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பளுதூக்கிகள். எங்கள் ஊரிலும் துறைமுகம் உண்டு, ஆனால் அதற்கு இந்த வாசனை கிடையாது. மீன், டீசல், மல்லிகைப்பூ, எங்கோ எரியும் ரப்பர் எல்லாம் கலந்த ஒன்று. முதல் ஒரு மணி நேரம் மூக்கைப் பொத்தினேன். அதற்கப்புறம் மூக்கு தானாகவே பழகிக்கொண்டது.

மதியம் பிரியாணியும் கத்திரிக்காய்ப் பச்சடியும் வந்தன. நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல வார்த்தை பேச எனக்கு வராது. “பாய், உங்க கருவாட்டுல பூச்சி இருக்கான்னு பார்க்கத்தான் மலேசியாவுலேர்ந்து வந்திருக்கேன்” என்றேன்.

பாய்க்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. “இன்னா சார் சொல்றீங்க? நம்ம சரக்குல பூச்சியா? எவனோ போட்டுக் குட்த்துக்கிறான் சார்.”

“பயப்படாதீங்க பாய். பூச்சி இருக்கக் கூடாதுங்கறதுதான் என் ஆசையும்.”

இதைவிடப் பெரிய அசட்டுத்தனத்தை நான் சொல்லியிருக்க முடியாது. பாய் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “நாளைக்கு வெள்ளிக்கெயமை சார். ரெஸ்ட் எடுங்க. நாளான்னிக்கிப் போயி ஆற அமரப் பாக்கலாம்” என்றார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு உபசாரம். சாயங்காலம் தொழுகை முடித்து வந்த பாய், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடலாம் என்று எம்.கே.பி. நகருக்கு அழைத்துப் போனார். தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸைக் கையால் பிசைந்து, பொரித்த வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுத் தட்டில் வைத்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு ஊற்றினார். பினாங்குத் தெருவில் ஒரு சீனக் கிழவியிடம் சாப்பிடுகிற அதே ருசி. “எங்க நைனா ரங்கூன்ல பொறந்தாரு, நானு வியாசர்பாடில” என்றார் வண்டிக்காரர். என் தாத்தாவும் இப்படிக் கப்பலேறிப் போனவர்தான். அவர் வேறு கப்பல் ஏறியிருந்தால் இந்த வண்டியை நான் தள்ளிக்கொண்டிருப்பேன், வண்டு கிண்டு என்ற தொல்லையே இருந்திருக்காது. இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்களை ஒட்டி பாய்க்குச் சரக்கு காயவைக்கும் இடம். நான் எதிர்பார்த்தது மணல், ஈ, காக்கா, நாற்றம். கண்டது வேறு. தரை கழுவிவிட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. புத்தம்புதிய நீலத் தார்ப்பாய்கள். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். வாசலில் அந்த பிளீச்சிங் பவுடரிலேயே ஒரு கோலம். காயவைக்கும் பெண்கள் தலை நிறையப் பூவோடு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி கன்னியம்மா. சுட்டெரிக்கும் வெயிலில் அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

“நல்லா பாத்துக்கோ சார். பூச்சின்ற பேச்சே இங்க கெடியாது. எங்கருவாடு கொயந்த மாதிரி. ஈய்ய கூட ஒக்கார வுடமாட்டோம்” என்றார் கன்னியம்மா. குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை.

பூஜைக்குத் தேங்காய் உடைத்த கையோடு எனக்கும் ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். இப்படித்தான் இவர்கள் வேலை செய்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டு லென்ஸும் தூரிகையுமாக மண்டியிட்டேன். வாளை, நெத்திலி, சுறாத் துண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் வண்டு மட்டுமல்ல, எந்த வண்டும் இல்லை. எழுந்தபோது முழங்கால் வலித்தது, மனசு பறந்தது. கன்னியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். இரண்டு பேருக்கும் அவ்வளவு நிம்மதி.

வழியில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுவிட்டு, காலடிப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்தேன். பெருமாள் படத்துக்கும் நடிகை படத்துக்கும் நடுவே உட்கார்ந்து கிழவருக்குத் தட்டினேன். “தேடினேன். இல்லை.” அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பதில் இருந்தது. “மகிழ்ச்சி. இன்னும் வடக்கே ஓர் இடம் பார்த்துவிட்டால் எழுதத் தொடங்கலாம்.” நல்ல நேரம் வந்துவிட்டது என்று மல்லிகாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “என் பேரு எழுத்துப்பிழை இல்லாம வருமா?” என்று கேட்டாள்.

அதற்கடுத்த நாள் பாயின் வீட்டிலிருந்து எண்ணூருக்கு ஆட்டோ பிடித்தேன். காசிமேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனோம். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஒன்றின் வாலில் ஒன்றாக நின்றன. முன்னே பார்த்தால் லாரி, பின்னே பார்த்தால் லாரி. சிலர் லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் நெரிசல் என்றால் ஹார்ன் அடிப்போம், இங்கே குடித்தனமே நடத்துகிறார்கள். எப்போது நகரும் என்று ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டேன். “அது கப்பலுக்குத்தான் தெரியும் சார்” என்றார்.

பக்கத்தில் ஒரு மினிலாரி வந்து மாட்டிக்கொண்டது. அதன் ஓட்டுநரும் நம் ஆட்டோக்காரரும் தோஸ்துகள்.

“இன்னா மாமு, ரெண்டு நாளா ஆளையே காணோம்?” என்றார் ஆட்டோக்காரர்.

“அத்த ஏன் கேக்கற. ஒரே பேஜாரு. மலேசியாலேந்து எவனோ பூச்சி ஆபீசரு வந்துகீறானாம். பாய் ஆடிப்பூட்டாரு. காசிமேட்ல கருவாடு காயவெக்கற எடம் மொத்தத்தயும் வாரி, பெருக்கி, கய்வி, அந்தக் கலீஜெல்லாம் என் வண்டிலதான். கல்லாண்ட கொட்டிக்கொட்டி இடுப்பே வுட்டுப்போச்சு. பொம்பளைங்க பட்டுப்பொடவ கட்டிக்கினு நின்னாங்க, ஆபீசரு வந்து கும்புட்டுட்டுப் போனானாம்.”

அந்தத் தமிழை என் பினாங்குத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. மாற்றி முடித்ததும் ஆட்டோ இருக்கையில் என்னால் முடிந்தவரை கீழே சரிந்துகொண்டேன். நான் தேடிய இடத்தை எனக்காகவே பெருக்கி வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்த தரையில் வண்டு இல்லை என்று கோபன்ஹேகனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

லாரி நகராததால் யோசிக்க நிறைய அவகாசம் கிடைத்தது. நான் பொய் சொல்லவில்லையே? தேடினேன், இல்லை. இரண்டு வார்த்தையும் சத்தியம். பேசாமல் எண்ணூர் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினால் வண்டு என்னுடையது. முப்பது வருடத்தில் முதல் வண்டு. யார் கேட்கப் போகிறார்கள்? இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்தும்விட்டேன். ஆனால் அந்த மூன்று வண்டுகளையும் இனி எப்போது பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும் என்று தோன்றியது.

“வண்டியைத் திருப்புங்க” என்றேன்.

“எங்க சார் திருப்பறது? தலைக்கு மேலயா?”

இறங்கி நடந்தேன். காசிமேட்டில் நீலத் தார்ப்பாய்களைக் காணோம். வழக்கமான சாக்கும் மணலும் ஈயும் காக்காயும் திரும்பி வந்திருந்தன. கன்னியம்மா சாயம் போன நூல்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளையைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, சாக்கை இழுத்து மூடப் பார்த்தார்.

“மூடாதீங்கம்மா. நான் ஆபீசர் இல்ல. வண்டுக்குப் பேர் வைக்கிறவன். எனக்கு வேண்டியது நீங்க பெருக்கிக் கொட்டின குப்பைதான்” என்று, தீவு, பொறி, வாளை, கிழவர் எல்லாக் கதையையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். “அடப்பாவி மனுசா! உனுக்காவ எம்மருமவ கல்யாணப் பொடவயக் கட்டிக்கினு வேகாத வெயில்ல நின்னேனே! பொடவ பூரா கருவாட்டு நாத்தம், அவ எங்கூடப் பேசறதே இல்ல. இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா நைனா உனுக்கு?” சார் போய் நைனா வந்ததில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கருங்கற்களின் மேல் என்னைக் கைபிடித்து ஏற்றி, குப்பை கொட்டிய இடத்துக்குக் கூட்டிப் போனார். மீன் தலை, குடல், கடல்பாசி, கிழிந்த வலை. புழு நெளிந்தது. மூக்கு பழகிவிட்டது என்று சொன்னேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாசியை ஒரு குச்சியால் தூக்கினேன். கறுப்பாக ஏதோ ஓடியது. குச்சியை முன்னால் நீட்டி மறித்ததும் நின்று, வாலைத் தூக்கி என்னை மிரட்டியது.

என் வண்டுதான். ரவிக்கை அளவு சிறகு, செம்பட்டைக் கால், எல்லாம் அதேதான். ஒன்றல்ல, பாசியைப் புரட்டப் புரட்ட ஓடின. ஒன்று தன்னைவிடப் பெரிய புழுவை இழுத்துக்கொண்டு கல்லிடுக்குக்குள் போனது. செத்து விறைத்த மூன்றைத்தான் இத்தனை நாளும் லென்ஸில் பார்த்திருந்தேன். அது இவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் போயிற்று என்ற துக்கம் வரவேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கல்லில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. “இதானா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லட்டா? இல்லன்னே எய்திடு. உனுக்கும் நல்லது, எனுக்கும் நல்லது. கருவாட்ல பூச்சி கீதுன்னு நாலு ஊருக்குத் தெரிஞ்சா பாய் சரக்கு எடுக்க மாட்டாரு. அப்பறம் நாங்க அத்தினி பேரும் இன்னா பண்றது?”

அதுவரை என் வண்டு, என் பெயர், என் முப்பது வருடம் என்று மட்டுமே புலம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது சுருக்கென்றது. வக்கீலாக என்னிடமே நான் சொன்ன அதே யோசனை, ஆனால் இவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினேன். இது கருவாட்டைத் தின்கிற வண்டு இல்லை, கருவாட்டைக் கெடுக்கிற ஈப்புழுவைத் தின்கிற வண்டு. இருப்பது கல்லிலும் பாசியிலும். புழு தேடி எப்போதாவது சரக்குக்குள் வந்து மாட்டிக்கொள்கிறது. எழுதும்போது ராயபுரம் கடற்கரைக் கற்களில் ஒதுங்கும் பாசி என்றுதான் எழுதுவேன், தீவில் கிடைத்தவை இரையோடு போனவை என்று சொல்வேன். என்ன இரை, யார் சரக்கு என்பது வண்டின் உடம்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

“புயுவத் துன்னுதா?” என்று குனிந்து பார்த்தார். “அப்ப நம்மாளுதான். வுட்டுடு, ஓடட்டும்.”

சிலவற்றை மட்டும் பிடித்தேன். அனுமதி இல்லாமல் பூச்சியைப் பெட்டியில் மறைத்து விமானம் ஏறுகிற துணிச்சல் எனக்கு இல்லை. நகரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல்காரர்களிடம் ஒப்படைத்து, அங்கேயே ஓர் ஆணின் உறுப்பை எடுத்து அதே தூண்டில் முள்தான் என்று பார்த்துவிட்டு, கிழவருக்கு எல்லாவற்றையும் பட்டுப்புடவை உட்பட எழுதினேன். சென்னைக் கரையில் பிடித்த பழைய வண்டுகளை இனிமேல்தான் பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார்.

பினாங்கு வந்து காத்திருந்தேன். மல்லிகா ஒருநாள்கூட வண்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவே பெரிய ஆறுதல். ஒரு காலையில் பதில் வந்தது. வெள்ளைக்காரர்கள் பிடித்ததில் இது இல்லை. மலைக்கும் காட்டுக்கும் போனார்களே தவிர, தாங்கள் கப்பல் விட்டு இறங்கிய கரையில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. இனம் புதியது. ஊர், ராயபுரம்.

கத்தினேன். மல்லிகா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் யோசித்து, “தீவு வண்டுன்னா சரி. கருவாட்டுக் குப்பையில புழு தின்கிறதுக்கு என் பேர் வேணாம்” என்றாள். சுல்தான் பாய்க்குப் போன் போட்டேன். “அய்யய்யோ, நமக்கு எக்ஸ்போர்ட்டு கீது சார்” என்று அலறினார். கன்னியம்மாவைக் கூப்பிட்டுப் பேசவைத்தார். “எம்பேரா? கன்னியம்மா கருவாட்ல கன்னியம்மா பூச்சின்னு பாட்டே கட்டிடுவாளுங்கோ. வோணாம் நைனா” என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். முப்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்குப் பெயர் கொடுக்க ஆள் இல்லை.

கடைசியில் கிழவரின் பெயரையே வைத்துவிட்டேன். பாதி மரியாதை, பாதி பழிவாங்கல். என்ன இரை என்று கேட்கக்கூடிய ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான், அவர் வாயையும் அடைத்த மாதிரி ஆயிற்று. எண்பதைத் தாண்டிய மனிதர், தன் பெயரில் பல வண்டுகள் இருந்தும், இதற்குத்தான் அழுகை வந்தது என்று எழுதினார். உடம்பு ஒத்துழைத்தால் அந்தக் கற்களை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டுமாம்.

இதைச் சொல்ல மறுபடி ராயபுரத்துக்குப் போன் போட்டேன். பக்கத்தில் இருந்த கன்னியம்மாவிடம் பாய் போனைக் கொடுத்தார். உங்கள் கல்லைப் பார்க்க டென்மார்க்கிலிருந்து ஒரு கிழவர் வருவார் போலிருக்கிறது என்றேன். 

“வரட்டும்” என்றார் கன்னியம்மா. “ஆனா எப்ப வராருன்னு முன்னாடியே சொல்லிடு நைனா. பெருக்காம வெச்சிருக்கோம்.”